வலியை வீணாக்காதீங்க

பிப்ரவரி 11, செவ்வாய்

கடைவாய்ப்பல் உயிரை எடுக்கிறது. நேற்று சாயங்காலம் லேசாகத் தொடங்கியது, இன்று காலைப் பூசை முடிவதற்குள் காதுவரை ஏறிவிட்டது. அந்த வலியோடு மைக் முன்னால் நிற்கவேண்டிய கட்டாயம். லூர்து மாதா திருநாள், நோயாளிகள் தினம். பள்ளிக்கூடத்தில் ரிட்டையர் ஆனாலும் கோயிலில் என்னை விடமாட்டார்கள். வருஷா வருஷம் நோயாளிகளுக்கு ஆறுதல் வார்த்தை சொல்வது ஞானமுத்து வாத்தியார்தான்.

சொன்னேன். "காரணம் இல்லாமல் ஆண்டவர் ஒருத்தரையும் நோகவிட மாட்டார். வலியை வீணாக்காதீங்க. யாருக்காகவாவது ஒப்புக்கொடுங்க. நீங்க இங்கே படுகிற பாடு எங்கேயோ ஒருத்தருக்கு வரமாகப் போய்ச் சேரும்." முன்வரிசையில் சக்கர நாற்காலியில் இருந்த சுந்தரம்மாள் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் மாத்திரை டப்பாவைத் தேடினேன். கட்டிலில் படுத்தபடி மரியம்மாள் சிரித்தாள். "ஏன் வாத்தியாரே, மைக்குல சொல்றதெல்லாம் இந்தப் பல்லுக்குக் கெடையாதா?" அவளுக்கு மார்பில் தொடங்கிய புற்றுநோய் இப்போது இடுப்பெலும்பிலும் முதுகெலும்பிலும். திரும்பிப் படுக்க ஆள் வேண்டும். அவள் என்னைக் கேலி பண்ணுகிறாள்!

பல்லைப் பிடுங்கிவிடலாம் என்று டாக்டர் போன வருஷமே சொன்னார். ஊசியை நினைத்தாலே எனக்குப் பயம். போகவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

வீட்டுக்கே வந்து பார்க்கும் நர்ஸ் மலையம்மாள் வந்தாள். கே.கே. நகர் பக்கம் மட்டும் பத்துப் பதினைந்து வீடு போகிறாளாம். மரியம்மாளைத் திருப்பி முதுகைத் துடைக்கும்போது அவள் பல்லைக் கடித்த சத்தம் எனக்கே கேட்டது. "மார்ஃபின் ஒழுங்காப் போடுறாங்களா சார்?" என்றாள். "நேரம் தவறாம நானே கையில குடுக்கிறேன்" என்றேன். "அப்ப இம்புட்டு வலி இருக்கக் கூடாதே." டாக்டரிடம் சொல்லி அளவைக் கூட்டச் சொல்கிறேன் என்று போனாள்.

எனக்குச் சர்க்கரை பார்த்தாள். ஏறியிருக்கிறது. பக்கத்து வீட்டுச் சூடாமணியம்மா கொடுத்த மைசூர்பாவை நான் தின்றதை மரியம்மாள் போட்டுக்கொடுத்துவிட்டாள்.

பிப்ரவரி 22, சனி

என்ன எழுதுவது?

மகள் பெர்சி திருமங்கலத்திலிருந்து வழக்கம்போல முதல் பஸ்ஸில் வந்தாள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். சனி ஞாயிறு அம்மாவுக்கு. படுக்கை விரிப்பை மாற்றும்போது தலையணைக்கடியில் இருந்த ஜெபமாலை டப்பா கீழே விழுந்து திறந்துகொண்டது. உள்ளே ஜெபமாலை இல்லை. மாத்திரைகள். சில எச்சில் பட்டு உப்பி ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. அத்தனையும் மார்ஃபின். நான் என் கையால் கொடுத்தது. வாயில் வாங்கி, ஒரு வாய் தண்ணீரும் குடித்து, நான் அந்தப் பக்கம் திரும்பியதும் எடுத்து வைத்திருக்கிறாள்.

கத்திவிட்டேன். "கிறுக்குப் பிடிச்சிருக்காடி உனக்கு?" தெருவுக்கே கேட்டிருக்கும். அவள் பதறவே இல்லை.

"ஒப்புக்கொடுத்திருக்கேங்க."

"எதுக்கு? யாருக்கு? என்ன வேண்டிக்கிட்ட, என்ன கருத்து?"

"சொல்லக் கூடாதுல்ல. கருத்த வெளிய சொன்னா ஒப்புக்கொடுத்தது பெருமையாப் போயிரும்னு நீங்கதானே அன்பியத்துல சொல்லிக் குடுத்தீங்க."

ஆமாம், சொன்னேன். போன தவக்காலத்தில், இதே வீட்டுக் கூடத்தில், அன்பியம் என்கிற எங்கள் தெரு ஜெபக்கூட்டத்துக்கு வந்த இருபது பேரை உட்கார வைத்துக்கொண்டு. மரியம்மாள் அன்றைக்கு எல்லோருக்கும் சுக்குக்காப்பி கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்கிறாள் என்றுகூட நான் நினைக்கவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

பெர்சி கெஞ்சிப் பார்த்தாள், கோபித்துப் பார்த்தாள். "அம்மா, நீ துடிக்கிறத எங்களால பாக்க முடியல." மரியம்மாள் சொன்னாள், "பாக்காத. வெளிய போயி உக்காரு."

பிப்ரவரி 24

அவளோடு பேசவில்லை. அவளும் பேசவில்லை.

பிப்ரவரி 26, புதன்

எத்தனை நாள் வீம்பு பிடிப்பது? கஞ்சி கொடுக்கும்போது நானே ஆரம்பித்தேன். "டோனிக்கா? அவனுக்குப் புள்ள பெறக்கணும்னா?" மகன் குவைத்தில். கல்யாணமாகி ஆறு வருஷம், இன்னும் ஒன்றுமில்லை. அதுவாகத்தான் இருக்கும் என்று எண்ணிவிட்டேன்.

"அவனுக்குத் தனியா ஜெபமாலை சொல்றேன்" என்றாள். கூடவே, "துருவாதீங்க வாத்தியாரே."

மார்ச் 5, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பலோடு வந்தேன். என் நெற்றியிலிருந்து விரலால் தொட்டு அவள் நெற்றியில் வைத்தேன். தொடுவதற்கே முகம் சுளித்தாள். நெற்றியிலுமா வலி? கேட்கத் தைரியம் வரவில்லை.

மார்ச் 7, வெள்ளி

மாதத்தின் முதல் வெள்ளி என்பதால் பங்குச்சாமியார் நற்கருணை கொண்டுவந்தார். வாசலிலேயே நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர், நல்ல மனுஷர். உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகவே பேசினார். "அம்மா, மாத்திரை போடுறது பாவம் இல்ல. திருச்சபை ஒருநாளும் அதத் தடுத்ததில்ல. நீங்க வலியில கெடக்கணும்னு ஆண்டவர் ஆசப்படல."

"பாவம்னு நான் சொல்லல ஃபாதர். குடுத்துட்டேன். குடுத்தத எப்படித் திரும்ப வாங்குறது?"

சாமியார் நற்கருணையைக் கொடுத்துவிட்டு எழுந்தார். வெளியே வந்ததும் என் தோளில் கைவைத்து, "உங்க பிரசங்கம் அம்மாவுக்கு ரொம்ப ஆழமா இறங்கியிருக்கு சார்" என்றார். பாராட்டுகிறாரா, குத்திக்காட்டுகிறாரா? பாராட்டுத்தான். அதுதான் இன்னும் மோசம்.

மார்ச் 10, திங்கள்

சூடாமணியம்மா புளியோதரை கொண்டுவந்தார். சௌராஷ்டிரக்காரர்கள், வீட்டுக்குள் அவர்கள் பாஷை, எங்களிடம் மதுரைத் தமிழ். மரியம்மாள் முனகுவது சமையற்கட்டுவரை கேட்டது. "மாத்திரை தரலையா சார்? எங்க மாமியாருக்கு இதே நோவு. அந்த மாத்திரையப் போட்டுக்கிட்டு கடைசிவர சீட்டாடுனாங்க."

"போட மாட்டேங்கிறா. ஒரு கருத்துக்காக ஒப்புக்கொடுத்திருக்கா."

"கருத்துன்னா?"

"வேண்டுதல் மாதிரி. என் வலியை எடுத்துக்க, அதுக்குப் பதிலா இன்னாருக்கு இதைச் செய்யின்னு."

சூடாமணியம்மா புளியோதரைப் பாத்திரத்தை மேடையில் வைத்தார். கிண்டலே இல்லாமல்தான் கேட்டார். "உங்க சாமி அந்த வலிய வாங்கி என்ன சார் பண்ணும்?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. சிலுவை, மீட்பு, பங்கெடுத்தல் என்று ஒரு மணி நேரம் பேசுவேன். வாயைத் திறந்தேன். உள்ளே அவள் "அம்மா" என்றாள். பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

கோயிலில் சிலுவைப்பாதை. பதினான்கு நிலைக்கும் தியானம் எழுதியது நான், வாசிப்பதும் நான். சிலுவை சுமக்கும் மகனைத் தாய் சந்திக்கிற நாலாவது நிலையில் நின்றுவிட்டேன். "தாயின் துயரமும் தேவ திட்டமே" என்று நானே எழுதியிருந்தேன். மூக்குக்கண்ணாடி சரியில்லை என்று சொல்லிப் பக்கத்தில் நின்ற பையனிடம் தாளைக் கொடுத்துவிட்டேன். அவன் கணீரென்று வாசித்தான். எல்லோரும் முழங்காலிட்டார்கள். எனக்கு வீட்டுக்கு ஓடவேண்டும் போலிருந்தது.

மார்ச் 19, புதன்

சூசையப்பர் திருநாள். காலையிலேயே சொல்லிவிட்டாள், "மறக்காம அவருக்கு ஒரு மெழுகுவத்தி." ஏற்றினேன். நல்ல சாவு கேட்டு வேண்டிக்கொள்கிற புனிதர் அவர். தன் சாவுக்குத்தான் கேட்கிறாளோ என்று நினைத்து அழுகை வந்தது.

பல் மறுபடியும். மாத்திரை போட்டேன். அவளுக்குத் தெரியாமல் போட்டேன்.

மார்ச் 22, சனி

செய்துவிட்டேன்.

பெர்சிக்குப் பள்ளியில் ஆண்டுவிழா, வரவில்லை. கேப்பைக்கூழில் வெல்லத்தைத் தாராளமாகப் போட்டு, மலையம்மாள் சொன்ன அளவு மாத்திரையைப் பொடித்துக் கலக்கிக் கொடுத்தேன். "என்ன இன்னிக்கு இம்புட்டு இனிப்பு?" என்றாள். சர்க்கரைக்காரன் கைப்பக்குவம் அப்படித்தான் என்றேன். சிரித்தாள்.

மத்தியானம் தூங்கினாள். குறட்டை விட்டுத் தூங்கினாள்! அந்தக் குறட்டையைக் கேட்டு எத்தனை மாசம்! எழுந்ததும் தலை வாரிவிடச் சொன்னாள். வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். சூடாமணியம்மாவை மதில் பக்கம் கூப்பிட்டு வம்பு பேசினாள். பேரையூரில் அவளைப் பெண் பார்க்கப் போனபோது நான் காப்பியைச் சட்டையில் கொட்டிக்கொண்டு, சூடு தாங்காமல் குதித்ததை நடித்தே காட்டினாள். சூடாமணியம்மாவுக்கு இருமல் வந்துவிட்டது சிரித்துச் சிரித்து.

உள்ளே வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், "ஆண்டவர் இன்னிக்கு எனக்கு லீவு குடுத்துட்டாருங்க."

நான் போய்க் கூழ்க் கிண்ணத்தைக் கழுவி வைத்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

இன்றும் கலந்தேன். இன்றும் லீவு. செய்தது சரிதான். சரிதானே?

மார்ச் 24, திங்கள்

வெல்லம் தீர்ந்துபோயிருந்தது. கடைக்குப் போகச் சோம்பல். அந்தச் சோம்பலை என்னவென்று சொல்வது!

முதல் வாயிலேயே நிறுத்திவிட்டாள். "கசக்குது." என் முகத்தைப் பார்த்தாள். முப்பத்தெட்டு வருஷமாகப் பார்த்த முகம், அதில் என்ன ஒளிக்க முடியும்?

"எப்பருந்து?"

"சனிக்கிழமையிலருந்து."

அப்படியே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுதாள். எலும்பு நொறுங்கும்போதெல்லாம் அழாதவள் அழுதாள். "களவாண்டுட்டீங்களே வாத்தியாரே. நான் சேத்து வச்சதக் களவாண்டுட்டீங்களே."

"வலிக்காம இருந்தியேடி! சிரிச்சியேடி!"

"அது நீங்க குடுத்ததா? அவரு குடுத்தாருன்னுல்ல நான் இருந்தேன்."

மார்ச் 25

என் கையால் சாப்பிடமாட்டேன் என்கிறாள். தண்ணீர்கூட. சூடாமணியம்மா வந்து ஊட்டுகிறார். நான் வராந்தாவில்.

மார்ச் 28, வெள்ளி

மலையம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டினாள். "அவுகளக் கேக்காமக் குடுக்கலாமா சார்? ஒடம்பு அவுகளுது. நீங்க படிச்சவுக." பிறகு மரியம்மாளோடு தனியாகக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்து, "பேசுங்க சார், வேற வழி இல்ல" என்றாள்.

மார்ச் 30, ஞாயிறு

பேசினேன். பூசைக்குப் போகவில்லை, அந்த நேரத்தில் அவள் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தேன்.

சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன். "மரியம்மா, நான் மைக்குல சொன்னதெல்லாம் எனக்குத் தெரியாமச் சொன்னது. யார் வீட்டுச் சாவுக்குப் போனாலும் சொல்றதுக்கு ஏதாவது வேணுமேன்னு சொன்னது. ஒரு பல்லு வலியக்கூட நான் ஒப்புக்கொடுத்ததில்ல. உனக்கு வந்திருக்கிறது வியாதி. அது எலும்ப அரிக்குது, வலிக்குது. அம்புட்டுதான். அதுக்கு உள்ள ஒரு திட்டமும் இல்ல. மாத்திரையப் போடுடி, உன்னக் கையெடுத்துக் கும்பிடுறேன்."

கோபிப்பாள் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை.

"அப்ப இம்புட்டு நாள் பட்டது சும்மாவா?"

நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டேன். அவளே தொடர்ந்தாள்.

"என்னால சோறாக்க முடியல. கோயிலுக்குப் போக முடியல. ஒரு ஆளுக்கு ஒரு வா தண்ணி மொண்டு குடுக்க முடியல. என்னட்ட இருக்கிறது இது ஒண்ணுதான். இதயாச்சும் ஒருத்தருக்குக் குடுக்கிறேன்னு நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன். இதயும் சும்மா வலிச்சுச்சுன்னு சொல்லச் சொல்றீங்களே, அப்பறம் நான் எதப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்கிறது? நல்லாருக்கு உங்க ஞாயம். அன்னிக்கு நீங்கதான் குடுத்தீங்க. இன்னிக்கு நீங்களே வந்து பிடுங்குறீங்க."

தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். கொடுத்ததும் தப்பு, பிடுங்கியதும் தப்பு. வேறு என்னதான் செய்திருக்க வேண்டும் நான்? சும்மா இருந்திருக்கலாம். இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது, ஒரு வீட்டிலாவது, வாயை மூடிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கலாம்.

ஏப்ரல் 2, புதன்

இன்று அவளே கூப்பிட்டாள். "ராத்திரிக்கு மட்டும் போடுறேன். நீங்களும் தூங்கணும்ல. கண்ணு ரெண்டும் குழி விழுந்து கெடக்கு. பகல் எனக்கு."

"பகல்லயும்—"

"பகல் எனக்குன்னேன்ல."

சரி என்றேன். என் கையால் கொடுத்தேன். வாயைத் திறந்து விழுங்கிவிட்டதைக் காட்டினாள், குழந்தை மாதிரி.

ஏப்ரல் 5, சனி

பெர்சியை மட்டும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்தச் சொல்லி ஏதோ பேசினாள். வெளியே வந்த பெர்சியின் கண் சிவந்திருந்தது. "என்னடி சொன்னா?" "ஒண்ணுமில்லப்பா. அவ சேலை யாருக்குன்னு சொன்னா." நம்பவில்லை. ஆனால் கேட்கவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

மரியம்மாள் போய்விட்டாள்.

பகலில் போனாள்.

ஏப்ரல் 10

அடக்கம் முடிந்தது. டோனி வந்துவிட்டான். கோயிலில் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். முடியாது என்று கையை ஆட்டிவிட்டேன். துக்கத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். எத்தனை வீட்டில் நான் பேசியிருக்கிறேன்! அப்போது அந்த வீட்டுக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டிருந்தது பக்தியால் இல்லை என்று இப்போது தெரிகிறது. நான் எப்போது முடிப்பேன் என்று காத்திருந்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

போகவில்லை. கோயில் ஒலிபெருக்கியில் நான் எழுதிய தியானம் தெருவழியே வந்தது. அந்தப் பையன்தான் வாசித்தான். ஜன்னலைச் சாத்தினேன். அப்போதும் கேட்டது.

மே 8, வியாழன்

முப்பதாம் நாள் பூசை. வீட்டில் சாப்பாடு. அன்பியத்துப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். விஷயம் எப்படியோ பரவியிருக்கிறது, மார்ஃபின் போடாமல் இருந்தது. ஒரு அம்மா இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டே சொன்னார், "மரியம்மாக்கா ஒரு புனிதை. சார் சொன்னாரு, அக்கா வாழ்ந்து காட்டிட்டாக." நான் பாயசத்தை வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

எல்லோரும் போனபின் பெர்சி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"உனக்குத் தெரியும்ல?"

"எது?"

"உங்கம்மா கருத்து."

தேய்ப்பதை நிறுத்தவில்லை. "சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காப்பா."

"பெர்சி."

அவள் குழாயை மூடினாள். அம்மா பேசுவது போலவே சொன்னாள், அதே குரல், அதே இழுப்பு. "'அப்பாவுக்கு வலி தாங்காதுடி. பல்லு வலிக்கே வீட்டத் தலகீழாப் பொரட்டுற மனுஷன். எனக்கு வந்தது அவுகளுக்கு வந்துச்சுன்னா எப்படித் தாங்குவாக? அவுக போறப்ப வலியே தெரியாமப் போகணும். அதுக்குத்தான் நான் இதக் குடுத்துக்கிட்டிருக்கேன்.' அதான்ப்பா. அம்புட்டுதான்."

சூசையப்பருக்கு மெழுகுவத்தி. அது அவள் சாவுக்கு இல்லை.

வராந்தாவில் வந்து உட்கார்ந்தேன். அடிப்பாவி. அடிப்பாவி மவளே. என்னைக் கேட்டாயா? எனக்கு வேண்டாம்டி அது. எனக்கு வலிக்கட்டும்டி.

ஜூன் 3, செவ்வாய்

சாதம் மெல்லும்போது கவனித்தேன். கடைவாய்ப்பல் வலிக்கவில்லை. எப்போதிலிருந்து? ஏப்ரலுக்கு அப்புறம் வலித்த ஞாபகமே இல்லை. இனிப்பு, குளிர்ந்த தண்ணீர், எல்லாம் கொடுத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

நரம்பு செத்திருக்கும். அதுதான், வேறொன்றுமில்லை.

பயமாக இருக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

சாமியார் வீட்டுக்கு வந்து, மறுபடி பூசையில் பைபிள் வாசகம் வாசிக்க வாருங்கள் என்றார். வாசகம் வாசிக்கிறேன், பேசமாட்டேன் என்றேன். "ஏன் சார்?" "எனக்கு ஒண்ணும் தெரியாது ஃபாதர்." தாழ்மை என்று எடுத்துக்கொண்டார்.

செப்டம்பர் 16, செவ்வாய்

நாலு நாளாக மூச்சு வாங்குகிறது. பெர்சியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று திருமங்கலம் போனவன், பஸ்ஸிலிருந்து இறங்கி அவள் வீட்டு மாடிப்படி ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் ஆட்டோ பிடித்து ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். டாக்டர் சின்னப் பெண். தாளை நீட்டி நீட்டிப் பார்த்தாள்.

"சார், உங்களுக்கு அட்டாக் வந்துட்டுப் போயிருக்கு. ஒரு மாசம் முன்னாடிகூட இருக்கலாம். நெஞ்சு வலிக்கலையா?"

"இல்லம்மா."

"கை, தாடை, முதுகு? எங்கயும் வலியே இல்லையா?"

"இல்ல."

"சுகர் ரொம்ப நாளா இருக்கிறவங்களுக்கு நரம்பு மரத்துப்போகும். அதனால வலி தெரியாமலே வந்துட்டுப் போகும். அடுத்த தடவையும் தெரியாமப் போகலாம், ஜாக்கிரதையா இருக்கணும்."

நான் பெர்சியைப் பார்த்தேன். அவள் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டோவில் வரும்போது சொன்னேன், "சுகர்டி."

"நான் ஒண்ணும் சொல்லலப்பா."

"சுகர்தான். டாக்டரே சொன்னா."

"ஆமாப்பா." என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். திருமங்கலம் கடைத்தெருவில் அம்புட்டுக் கூட்டம், நான் பச்சைக்குழந்தை மாதிரி அழுதுகொண்டு போனேன்.

செப்டம்பர் 18, வியாழன்

யோசித்து யோசித்து மண்டை காய்கிறது. சுகர் என்றால், அவள் பட்டதெல்லாம் சும்மா. அவள் அன்றைக்குக் கேட்டாளே, அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று பதில். சுகர் இல்லை, அவள் கேட்டது கிடைத்தது என்றால்— ஒரு பெண்ணின் இடுப்பெலும்பு நொறுங்குவதை வாங்கிக்கொண்டு, அதற்கு ஈடாக அவள் புருஷனுக்குச் சலுகை கொடுக்கிற ஆண்டவரை நான் எந்த முகத்தோடு போய்க் கும்பிடுவது? கேட்காமலே கொடுத்தால் ஆகாதா அவருக்கு?

இரண்டில் எதையும் விழுங்க முடியவில்லை. ஆனால் ஒன்று. எனக்கு வலிக்கக் கூடாது என்று அவள் விரும்பினாள். காரணம் இருந்ததோ இல்லையோ, அதில் பொய் இல்லை. அதை மட்டும் ஒருத்தராலும் மறுக்க முடியாது, என்னாலும்கூட.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். பெர்சியும் நானும் போய் மரியம்மாளின் கல்லறையைக் கழுவி, செவ்வந்திப்பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றினோம். கல்லறைத் தோட்டம் முழுக்கக் கூட்டம். சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டே போனார்.

சக்கர நாற்காலி ஒன்று என் பக்கம் வந்தது. சுந்தரம்மாள். பிப்ரவரியில் முன்வரிசையில் இருந்தவர். ரொம்ப இளைத்துவிட்டார். கைவிரல் எல்லாம் வாதத்தில் கோணிக்கிடந்தது. தள்ளிக்கொண்டு வந்த மகளைக் கொஞ்சம் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, குனியச் சொன்னார்.

"சார், நீங்க சொன்ன மாதிரியே செய்றேன். வலி மாத்திரைய விட்டுட்டேன். என் மகன் குடிய விடணும்னு ஒப்புக்கொடுத்திருக்கேன். இவளுக்குத் தெரியாது."

கல்லறை ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். என்ன சொல்வது? எல்லாம் பொய்யம்மா என்று சொன்னால், இந்த அம்மா எதைப் பிடித்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்? அதை ஒரு தடவை செய்து பார்த்துவிட்டேனே.

"ராத்திரிக்காவது போடுங்கம்மா" என்றேன்.

"அப்ப பலன் கொறஞ்சுராதா சார்?"

"எனக்குத் தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது. ஆனா உங்க மகளும் தூங்கணும்ல."

மகளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண் தூரத்தில் மரத்தில் சாய்ந்து நின்றபடியே கண்ணை மூடியிருந்தாள். சுந்தரம்மாள் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ராத்திரிக்கு மட்டும்" என்றார். "ராத்திரிக்கு மட்டும்" என்றேன் நானும்.

அவர்கள் போன பிறகு மரியம்மாளிடம் சொன்னேன். திட்டாதே, பகலை அந்த அம்மாவுக்கே விட்டுவிட்டேன் என்று.

வீட்டுக்கு வந்து இட்லியை மென்றால் சுரீர் என்றது. கடைவாய். ஈறு வீங்கி, காதுவரை இழுத்தது. அம்மாடி! எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது! வலிக்குதுடி மரியம்மா, நல்லா வலிக்குது. நீ கேட்டது கிடைக்கவில்லை பார். எனக்கும் வலிக்கும், எல்லோரையும் மாதிரி. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நின்று சிரித்தேன். பெர்சி பயந்துபோனாள்.

"அப்பா, மாத்திரை தரட்டுமா?"

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். இந்த ஒரு வலியையாவது அவளுக்காக முழுசாகப் பட்டுவிடலாம் என்று ஒரு வீராப்பு. பிறகு யோசித்தேன். எனக்கு வலிக்கக் கூடாது என்றுதானே அவள் அம்புட்டும் பட்டாள்.

"குடு" என்றேன். பெர்சி தண்ணீர் கொண்டுவந்தாள். விழுங்கிவிட்டு, வாயைத் திறந்து காட்டினேன்.